கதவு மூடும் பொத்தான்

பதினேழு வருடமாகக் கூட்டம்
என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது.
கட்டோவிட்சே டிராம்.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்;
அந்தப் பக்கம்
இருமல், ஈரக் குடை, வெங்காய வாசம்,
அலைபேசியில் யாரோ யாரிடமோ கேட்கும் மன்னிப்பு.
இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான்.
அழுத்தினால் கதவு மூடும்.
மூடினால் கிளம்பிவிடலாம்.

என் தடத்தில் ஒரு வளைவு.
அங்கே வேலிக்கு மேலிருந்து கூச்சல் வந்து விழும்,
இருபது பேர் ஒரே வாயால் கத்துவதுபோல.
நிமிர்ந்து பார்த்ததில்லை.
வளைவில் தண்டவாளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்று சனிக்கிழமை, விடுப்பு, வெயில்.
"எத்தனை பேர்?"
"ஒண்ணு."
டிக்கெட் கொடுப்பவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்,
மிச்சப் பேரை நான் அங்கே ஒளித்து வைத்திருப்பதுபோல.

உள்ளே
முதல்முறையாகக் கூட்டம் என் முகத்துக்கு நேரே வந்தது.
தள்ளுவண்டிகள். பலூன்கள்.
அப்பன் தோளில் ஏறிய பிள்ளையின் ஷூ நுனி என் காதில்.
யாருடைய பஞ்சுமிட்டாயோ கைப்பையில் ஒட்டிக்கொண்டு
கொஞ்சதூரம் கூடவே வந்தது.
ஒரு குடும்பம் கைகோத்து எதிரே வர,
அந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது என்று தெரியாமல்
குப்பைத் தொட்டியோடு ஒண்டி நின்றேன்.
ஜாக்கெட் பையில் சாவிக்கொத்து.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
எதுவும் மூடவில்லை.

மூச்சு முட்டும்போது
எண்ணத் தொடங்கிவிடுவது வழக்கம்:
சிவப்புத் தொப்பி பதினொன்று,
அழும் குழந்தை நான்கு,
சண்டைக்கு நடுவே சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு
மறுபடி சண்டைக்குத் திரும்பிய ஜோடி ஒன்று.

எண்ணி முடிக்கும் முன் கண்ணில் பட்டது
பூங்காவிலேயே அமைதியான இடம்.
தொலைந்த குழந்தைகள் அறை.
வாசலில் பெஞ்சு, அதில் யாரும் இல்லை.
உட்கார்ந்தேன்.
மஞ்சள் மேலங்கி போட்ட பையன் வெளியே வந்தான்,
பெயர்ப்பட்டையில் க்னியெவ்கோ.
"யாரையாவது தொலைச்சிட்டீங்களா?"
"இல்லை."
கொஞ்சம் யோசித்தான்.
"உங்களை யாராவது?"
நானும் கொஞ்சம் யோசித்தேன்.
"தெரியலை. தேடி வந்தா இங்கே இருக்கேன்னு சொல்லு."
அவன் சிரிக்கவில்லை.
உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கான ஆப்பிள் சாறு ஒன்றை
ஸ்ட்ரா குத்தியே கொண்டுவந்து கொடுத்தான்.
வெதுவெதுவென்று இருந்தது. ஒட்ட உறிஞ்சினேன்.
இருபது நிமிடம், ஊரில் யாரும் தொலையவில்லை.

பிறகு அவனே சொன்னான்:
"பெரிய ரோலர் கோஸ்டருக்கு இடப்பக்கம் ஒரு சின்ன வழி இருக்கு.
தனியா வர்றவங்களுக்கு."

பெரிய வரிசை மூன்று மடிப்பாகச் சுருண்டு கிடக்க
இந்த வழியில் ஆறே பேர்.
மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒருவர்,
நின்றபடி பரீட்சைக்குப் படிக்கும் ஒருத்தி.
யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.
அந்த மரியாதை பிடித்திருந்தது.

"ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்!"
மேடையில் நின்றவள் கூவினாள்,
மூவராக வந்த குடும்பத்தின் நாலாவது இருக்கையைக் காட்டி.
இத்தனை ஆசையாக யாரும் என்னை எண்ணியதில்லை.
ஓடிப்போய் உட்கார்ந்தேன்.
பக்கத்தில் பல்லுக்குக் கம்பி போட்ட சிறுமி.
"இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"
"தினமும். கீழே."

தோள்மேல் இரும்பு இறங்கிப் பூட்டிக்கொண்டது.
நான் எதையும் அழுத்தவில்லை.
கடகடவென்று வானத்துக்குள் ஏறினோம்.
உச்சியில் ஒரு கணம், அசைவில்லை.

வேலிக்கு அப்பால்
தீப்பெட்டி அளவில் சிவப்பாக ஒரு டிராம்
வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.
இந்த ஷிஃப்ட் ஒல்ப்ராக்ட்டுடையது.
கை அசைத்தேன்.
நிமிரவில்லை. நிமிரக் கூடாது.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்:
இரண்டு நிமிடம் தாமதம்.

அவனிடம் அதைச் சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.